பயணத்தின் பாட்டும் ஏவலின் குரலும்

சில திங்களுக்கு முன் நம்மிடம் முன்னாளில் பாடம் பயின்ற மாணவர் ஒருவர், புதிதாக வாங்கிய தம் காரில் நம்மைப் பழவேற்காட்டுக்கு அழைத்துச் சென்றார். அவ்வூரின் பழைய பள்ளிவாசல்களைக் காண வேண்டும் என்பது நம் நெடுநாள் விருப்பம். காரின் முகப்பில் ஒரு சிறு திரை இருந்தது. அவருடைய கைப்பேசி அத்துடன் கம்பியின்றியே இணைந்துகொண்டது. "ஹஜ்ரத், இதில் எதையும் தொட வேண்டியதில்லை. வாயால் சொன்னால் போதும், அதுவே செய்யும்" என்றவர், நாகூர் அனிபா அவர்களின் பாடல் ஒன்றைக் கேட்டார். மறு நொடியே அக்கம்பீரக் குரல் வண்டியை நிறைத்தது. நாம் வியந்து போனோம்.

பொன்னேரியைக் கடந்ததும் வழி கேட்க எண்ணி, "பழவேற்காடு" என்று பணித்தார் மாணவர். கருவி சற்றே தயங்கிவிட்டுப் பாலக்காட்டுக்கு வழி காட்டத் தொடங்கியது. அவர் மீண்டும் சொன்னார். மீண்டும் பாலக்காடே வந்தது. மூன்றாம் முறை எழுத்தெழுத்தாக நிறுத்திச் சொல்லியும் பயனில்லை. இறுதியில் சலிப்புடன், "புலிகாட்" என்று ஆங்கிலேயர் இட்ட பெயரைச் சொன்னார். உடனே சரியான வழி திரையில் தோன்றிற்று. அந்தக் கணத்தில்தான் நாம் அலறினோம். தலையில் மீன்கூடை சுமந்த பெண்ணொருத்தி சாலையைக் கடந்துகொண்டிருந்தாள். மாணவர் பிரேக்கை அழுத்தினார். வண்டி அவளுக்கு நான்கடி தொலைவில் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், யாருக்கும் தீங்கில்லை. அவள் கூடையைச் சரிசெய்துகொண்டு நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சென்றாள்.

மாணவரின் கைகள் சக்கரத்தில்தான் இருந்தன. கண்களும் சாலையை நோக்கியே இருந்தன. ஆயினும் அவர் அவளைக் காணவில்லை. அவர் உள்ளம் கருவியோடு வழக்காடிக்கொண்டிருந்தது. அன்று முதல் பயணத்துக்கும் குரலுக்கும் உள்ள பழந்தொடர்பை நாம் எண்ணிப் பார்த்து வருகிறோம். அந்த எண்ணத்தையே வாசக அன்பர்கள் முன் வைக்கிறோம்.

ஒட்டகப் பாட்டும் ஓடப் பாட்டும்

பயணம் செய்வோர் இசையைத் துணைகொள்வது புதுமையன்று. அரபுப் பாலையில் ஒட்டகங்களை நடத்துவோர் பாடிய பாட்டுக்கு 'ஹுதா' என்று பெயர். ஒட்டகத்தின் அடிவைப்புக்கு இசைய அப்பாட்டின் தாளம் அமையும். பாடுவோன் தாளத்தை விரைவுபடுத்தினால் ஒட்டகமும் விரையும் என்பர்.

அண்ணல் நபி (ஸல்) அவர்களின் பயணமொன்றில் அன்ஜஷா என்பவர் இவ்வாறு பாடி ஒட்டகங்களை நடத்தினார். அவர் இனிய குரல் படைத்தவர். அவ்வொட்டகங்களின் மேல் பெண்மக்கள் இருந்தனர். பாட்டின் விரைவால் ஒட்டகங்கள் ஓடத் தொடங்கின. அப்போது பெருமானார் (ஸல்) அவர்கள் அன்ஜஷாவை அழைத்து, கண்ணாடிக் கலங்களை ஏற்றிச் செல்வதை நினைவிற்கொண்டு மெல்ல நடத்துமாறு பணித்தார்கள் என்பது ஸஹீஹான ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ள செய்தி. பாட்டை நிறுத்தும்படி அவர்கள் கூறவில்லை. பாட்டின் வயப்பட்டு, சுமந்து செல்வது யாரை என்பதை மறந்துவிடாதே என்பதே அறிவுரை. ஊர்தியில் ஒலிக்கும் இசையைப் பற்றி இதனினும் சுருக்கமாகவும் இதனினும் அன்பாகவும் சொல்லப்பட்ட அறிவுரையை நாம் அறியோம்.

நம் கடற்கரையிலும் இத்தகைய பாட்டு உண்டு. துடுப்பு வலிக்கும்போதும், வலை இழுக்கும்போதும், படகைக் கரையேற்றும்போதும் மீனவர் பாடும் பாட்டை 'அம்பா' என்பர். ஒருவர் முன்னெடுக்க மற்றவர் பின்பாடுவர். பல கைகள் ஒரே நொடியில் ஒரே விசையுடன் இயங்க வேண்டும். அதற்குப் பாட்டே மணி, பாட்டே மேய்ப்பன். ஒட்டகப் பாட்டைப் போலவே இதுவும் பயணிகளின் சொந்தத் தொண்டையில் பிறந்து, அவர்கள் பாதுகாப்பாகக் கரைசேரப் பயன்பட்டது.

பின்னர் படகுகளில் இயந்திரம் பொருத்தப்பட்டது. இயந்திரத்துக்குத் தாளம் வேண்டுவதில்லை. அதன் இரைச்சலில் அம்பாப் பாட்டு அமுங்கிப் போயிற்று. பாடிக்கொண்டே பயணம் செய்த மனிதன், பிறர் பாடக் கேட்டுக்கொண்டு பயணம் செய்பவன் ஆனான். நிலத்திலும் இதே மாற்றம் நிகழ்ந்தது.

பாடும் பெட்டி ஊர்தியில் ஏறிய வரலாறு

காரில் வானொலி வைக்கும் முயற்சிகள் 1920களிலேயே நடந்தன. எனினும் சாமானியரும் வாங்கத்தக்க வகையில் அதை முதலில் விற்றவர் அமெரிக்காவின் பால் கால்வின். 1930ஆம் ஆண்டு அவருடைய தொழிலகம் வெளியிட்ட கருவிக்கு 'மோட்டோரோலா' என்று பெயரிட்டார். மோட்டார் என்பதோடு, அந்நாளில் இசைப் பெட்டிகளின் பெயர்களில் வழங்கிய 'ஓலா' என்னும் ஈற்றைச் சேர்த்து அமைத்த பெயர் அது. பின்னாளில் அந்நிறுவனமே அப்பெயரால் அழைக்கப்பட்டது. ஐரோப்பாவில் 1932இல் பிளாபுங்க்ட் என்னும் ஜெர்மானிய நிறுவனம் கார் வானொலியை வெளியிட்டது. என்ஜினில் எழும் தீப்பொறிகள் வானொலியில் கரகரப்பை உண்டாக்கின. அவற்றை அடக்குவதே தொடக்கக் காலத் தொழில்நுட்பர்களுக்குப் பெரும்பாடாக இருந்தது.

கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1930களிலேயே, ஓட்டுநரின் கவனம் சிதறும் என்று கூறி, காரில் வானொலியைத் தடைசெய்ய வேண்டும் என்ற குரல் அமெரிக்காவின் சில பகுதிகளில் எழுந்தது. பழவேற்காட்டுச் சாலையில் நாம் கண்டது அன்றே சிலருக்குத் தோன்றிய அச்சந்தான்.

1963இல் பெர்லின் நகர வானொலிக் கண்காட்சியில் பிலிப்ஸ் நிறுவனம் சிறு ஒலிநாடாப் பேழையை அறிமுகம் செய்தது. நாம் 'கேசட்' என்று அறிந்த பொருள் அதுவே. 1968இல் அதே நிறுவனம் வானொலியும் கேசட்டும் இணைந்த கார்க் கருவியைக் கொண்டுவந்தது. அதுவரை நிலையத்தார் ஒலிபரப்பியதைக் கேட்டுவந்த பயணி, தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்து கேட்கலானான்.

நம் வீடுகளின் வரலாற்றிலும் இந்தக் கேசட்டுக்குத் தனி இடமுண்டு. சென்னையில் அகில இந்திய வானொலி நிலையம் தொடங்கியது 1938ஆம் ஆண்டு. 1980களின் நடுப்பகுதி வரை வானொலி வைத்திருப்போர் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி உரிமம் பெற வேண்டும். நம் தந்தையார் ஆண்டுதோறும் அச்சிறு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அஞ்சலகம் சென்றது நம் நினைவில் இருக்கிறது. நோன்புக் காலத்தில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சிகளுக்காக வீடே காத்திருக்கும். பிறகு வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் 'டூ இன் ஒன்' பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள். எழுதத் தெரியாத தாய்மார் கேசட்டில் பேசி மகனுக்கு அனுப்பினர். மகனும் பேசி அனுப்பினான். கடிதம் குரலாகிக் கடல் கடந்தது. அதே கேசட்டுகளில் கிராஅத்தும், மார்க்கச் சொற்பொழிவும், அனிபா அவர்களின் பாடல்களும் வாடகைக் கார்களிலும் வேன்களிலும் ஒலித்தன. திருமணத்துக்கோ தர்காவுக்கோ செல்லும் வேனில் முப்பது பேர் இருந்தால், முப்பது பேரும் ஒரே பாட்டைக் கேட்டார்கள். தெரிந்தவர்கள் சேர்ந்து பாடினார்கள். அம்பாப் பாட்டின் எஞ்சிய மூச்சு அங்கே இருந்தது எனலாம்.

1980களில் குறுந்தகடு வந்தது. அடுத்த மாற்றமே கம்பியில்லா இணைப்பு.

நீலப்பல் மன்னரின் பெயரால்

கைப்பேசியையும் காரின் ஒலிபெருக்கியையும் இணைக்கும் நுட்பத்துக்குப் 'புளூடூத்' என்று பெயர். ஸ்வீடன் நாட்டின் எரிக்சன் நிறுவனத்தில் 1994இல் இதற்கான ஆய்வு தொடங்கியது. 1998இல் எரிக்சன், நோக்கியா, ஐபிஎம், இன்டெல், தோஷிபா ஆகிய ஐந்து நிறுவனங்கள் கூடி ஒரு கூட்டமைப்பை நிறுவின. கி.பி. பத்தாம் நூற்றாண்டில் டென்மார்க்கை ஆண்ட ஹரால்ட் என்னும் மன்னருக்கு 'நீலப்பல்' என்று ஒரு பட்டப்பெயர். பிரிந்து கிடந்த டேனியரை அவர் ஒன்றுபடுத்தியதுபோல் வெவ்வேறு கருவிகளை ஒன்றுபடுத்தும் என்ற கருத்தில் அப்பெயரைச் சூட்டினர். அதன் சின்னமும் அம்மன்னரின் பெயருக்குரிய பழைய வட ஐரோப்பிய எழுத்துகள் இரண்டின் கூட்டே.

இது இயங்கும் முறையும் சுவையானது. கருவிகள் இரண்டும் 79 அலைவரிசைகளுக்குள் நொடிக்கு 1,600 முறை வரை இடம் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. எந்த வரிசையில் மாறுவது என்பது இணைந்த கருவிகளுக்கு மட்டுமே தெரியும். அதனால்தான் ஒரே தெருவில் பத்துக் கார்கள் நின்றாலும் ஒன்றின் பாட்டு மற்றொன்றில் கலப்பதில்லை. இசைக்கு ஒரு முறையும், அழைப்புக்கு வேறொரு முறையும் அமைத்திருக்கிறார்கள். இசை ஒருவழிப் பாதையில் நிறைவாக வருகிறது. அழைப்போ இருவழியில் செல்ல வேண்டியிருப்பதால் ஒலியின் அகலத்தைச் சுருக்கி அனுப்புகிறது. பாட்டு இனிமையாகவும், அதே ஒலிபெருக்கியில் வரும் உறவினர் குரல் மெலிந்தும் கேட்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே.

2014ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனத்தின் 'கார்பிளே' அறிமுகமாயிற்று. அவ்வாண்டே கூகுள் அறிவித்த 'ஆண்ட்ராய்டு ஆட்டோ' 2015இல் பயன்பாட்டுக்கு வந்தது. கைப்பேசியின் வழிகாட்டி, பாடல், அழைப்பு ஆகியவற்றைக் காரின் திரையில் பெரிதாகவும் எளிதாகவும் காட்டி, குரலால் ஏவச் செய்வதே இவ்விரண்டின் நோக்கம். கை கைப்பேசியைத் தேடாமல் இருப்பது நன்றே. ஆனால் கருவி நம் குரலை அறிந்தால்தானே ஏவல் நிறைவேறும்?

செவியுள்ள கருவி

மனிதக் குரலை இயந்திரத்துக்குப் புரியவைக்கும் முயற்சிக்கு எழுபது ஆண்டுகளுக்கு மேல் வயதாகிறது. 1952இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 'ஆட்ரி' என்னும் இயந்திரம், ஒருவர் சொல்லும் எண்களை மட்டும் அறிந்தது. 1960களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனம் காட்டிய 'ஷூபாக்ஸ்' 16 சொற்களை அறிந்தது. இன்றைய கருவியோ இலட்சக்கணக்கான சொற்களை அறிகிறது. ஒலியை நுண்துண்டுகளாக நறுக்கி, முன்பு பல்லாயிரம் மணி நேரம் கேட்டுப் பழகிய குரல்களோடு ஒப்பிட்டு, எந்தச் சொல்லாக இருக்கக்கூடும் என்று கணிக்கிறது. கேட்டுப் பழகிய குரல் எதுவோ அதையே நன்கு அறியும். பழகாததை, பழகிய ஒன்றாகத் திரித்துக்கொள்ளும்.

மதரஸாவில் தஜ்வீது பயின்றவர்க்கு இது புதிராகத் தோன்றாது. எந்த எழுத்து எவ்விடத்தில் பிறக்கிறது என்பதை 'மக்ரஜ்' என்று நாம் ஓதியிருக்கிறோம். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மது, எழுத்துகளைத் தொண்டையின் ஆழத்திலிருந்து உதடு வரை பிறப்பிட வரிசையில் அடுக்கி, 'ஐன்' என்னும் எழுத்தில் தொடங்கும் அகராதியை வகுத்தார். தமிழிலோ தொல்காப்பியம் பிறப்பியல் என்று தனி இயலே வகுத்து, உந்தியிலிருந்து எழும் காற்று எவ்வெவ்விடங்களில் பட்டு எவ்வெவ்வெழுத்தாகிறது என்று கூறுகிறது. இரு மொழிகளின் பேரறிஞர்களும் பேசும் வாயைக் கூர்ந்து கேட்டுத்தான் இலக்கணம் கண்டார்கள். நன்கு கேட்டவர்களே நன்கு எழுதினார்கள்.

தமிழில் குரலால் எழுதும் வசதியைக் கூகுள் நிறுவனம் 2017ஆம் ஆண்டு வழங்கியது. மொழிகளுக்கிடையே குரலும் எழுத்தும் பெயர்க்கும் 'பாஷினி' திட்டத்தை இந்திய அரசு 2022இல் தொடங்கியது. இவை மகிழத்தக்கவையே. ஆயினும் பழவேற்காட்டு ஏரிக்கரையில் பேசப்படும் தமிழ், செய்தி வாசிக்கும் தமிழன்று. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் அங்கே ஒரே வலையில் துள்ளும் மீன்கள். கருவி அந்தக் குரலைக் கேட்டுப் பழகவில்லையென்றால், பழவேற்காடு பாலக்காடாவதில் வியப்பில்லை.

தவறாகக் கேட்கப்பட்ட ஊர்

இதில் ஒரு வரலாற்று விந்தையும் இருக்கிறது. பழவேற்காடு தவறாகக் கேட்கப்படுவது இது முதன்முறையன்று. விசயநகரப் பேரரசின் காலத்தில் கீழ்த்திசை நாடுகளோடு பெருவணிகம் நடத்திய துறைமுகம் அது. தமிழ் முஸ்லிம் வணிகர் அங்கே செழித்திருந்தனர். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வந்தனர். பின்னர் வந்த டச்சுக்காரர் 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, சோழமண்டலக் கரையில் தம் வணிகத்துக்கு அதைத் தலைமையிடமாக்கினர். 1825இல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் வந்தது. வந்தவர் எவர்க்கும் நம் ழகரம் வாயில் நுழையவில்லை. 'பலியகட்' என்றனர், 'புலிகாட்' என்றனர். அவ்வூரின் பெயரால் ஏற்றுமதியான துணியை மலாய் மக்கள் 'பெலெக்காட்' என்றனர். இன்றும் மலேசியாவில் கட்டங்களிட்ட கைலிக்கு அதுவே பெயர். அதே பெயர் 'பளையகாட் லுங்கி' என்று நம்மிடமே திரும்பி வந்தது. நம்மில் பலர் அவ்வூரின் சிதைந்த பெயரை இடுப்பில் உடுத்துக்கொண்டு, அவ்வூரை அறியாமல் இருக்கிறோம்!

ஆனால் அதே ஊர் நமக்கு நேர்மாறான ஒரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அரபுத் தமிழ் வழங்கிய ஊர்களுள் பழவேற்காடும் ஒன்று. அரபு எழுத்துகளில் தமிழை எழுத முனைந்த நம் முன்னோர், அவ்வெழுத்துகளில் இல்லாத தமிழ் ஒலிகளைக் கண்டபோது என்ன செய்தார்கள்? ழகரத்தையும் ணகரத்தையும் விட்டுவிடவில்லை. இருக்கும் எழுத்துகளில் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி, புதிய எழுத்துகளை ஆக்கிக்கொண்டார்கள். மொழியைக் கருவிக்காக ஒடிக்காமல், கருவியை மொழிக்காக வளைத்தார்கள். 'பழவேற்காடு' என்று மும்முறை சொல்லித் தோற்று, 'புலிகாட்' என்று சொல்லிப் பணிந்த நம் மாணவருக்கு அவர்கள் சொல்லும் செய்தி இதுதான்: கருவி நமக்கு இசைய வேண்டும், அதற்கு இசைய நாம் நம் நாவை மாற்றிக்கொள்ளலாகாது. நம் இளைஞர்களில் கணினி பயின்றோர் பலர் இருக்கிறார்கள். கடற்கரைத் தமிழின் குரல்களைத் திரட்டிக் கருவிக்குக் கற்பிப்பது அவர்கள் ஆற்றத்தக்க தொண்டு. அரபுத் தமிழை ஆக்கியவர்களின் பணிக்கு அது தொடர்ச்சியாகும்.

காலத்தில் வரும் குரல்

காரில் பாட்டுக் கேட்பதற்காகவா இத்துணை முயற்சி என்று எவரும் எண்ண வேண்டாம். ஏரிக்கரையில் குரல் என்பது உயிர்ப் பொருள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது அக்கரைக் குப்பங்களுக்கு முன்னறிவிக்கும் குரல் எதுவும் வரவில்லை. அதன் பின் 2007இல் ஹைதராபாதிலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் மையத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை நிலையம் அமைந்தது. அம்மையம் தரும் காற்று, அலை, மீன்வளம் பற்றிய செய்திகளை, சென்னை எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 'ஃபிஷர் ஃபிரெண்ட்' என்னும் கைப்பேசிச் செயலி வழியாகத் தமிழிலும் தெலுங்கிலும் மீனவருக்கு வழங்கி வருகிறது. கை முழுவதும் ஈர வலையாக இருக்கும் மனிதனுக்குத் திரையைத் தொட நேரமில்லை. காரோட்டிக்கு வசதியாகத் தோன்றும் குரலேவல், படகோட்டிக்குத் தேவையாகவே ஆகலாம். ஆனால் அவன் பேச்சு அதற்குப் புரிந்தாக வேண்டும். தவறினால் அவன் கேட்பது ஒரு காற்றாகவும் அது சொல்வது வேறொரு காற்றாகவும் முடியும்.

அவ்வேரியின் மறுகரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவையும் இங்கே நினைக்கிறோம். 1979 ஆகஸ்ட் 10ஆம் நாள் அங்கிருந்து முதன்முறை ஏவப்பட்ட எஸ்.எல்.வி.-3 கடலில் வீழ்ந்தது. அதன் திட்ட இயக்குநர், இராமேஸ்வரத்துப் படகுக்காரரின் மகனான அப்துல் கலாம் அவர்கள். ஏவுவதற்குச் சற்றுமுன் கணினி நிறுத்தச் சொன்னதையும், அதை மீறி ஏவ முடிவெடுத்தவர் தாமே என்பதையும் பிற்காலத்தில் அவர் மேடைகளில் மனம்திறந்து சொல்லி வந்தார். பழியைக் கருவி மேல் சுமத்தவில்லை. 1980 ஜூலை 18ஆம் நாள் அதே ஏவுகலம் ரோகிணிச் செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. ஏவுகின்றவன் மனிதன், ஆதலின் பொறுப்பும் அவனுடையதே. விண்கலத்துக்கு உண்மையான இது காருக்கும் உண்மை.

இருபத்தேழு நொடிகள்

மீன்கூடை சுமந்த அப்பெண்ணிடம் திரும்புவோம். கை சக்கரத்தில் இருக்க, கண் சாலையில் இருக்க, மாணவர் அவளைக் காணாததற்குக் காரணம் என்ன? அமெரிக்காவில் ஏஏஏ அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழக அறிஞர்கள் செய்த ஆய்வின் முடிவு 2015இல் வெளிவந்தது. குரலால் கருவியை ஏவிய ஓட்டுநரின் கவனம், ஏவல் முடிந்த பின்னும் சில கருவிகளில் 27 நொடிகள் வரை முழுமையாகத் திரும்புவதில்லை என்று அவர்கள் கண்டார்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 27 நொடிகளில் 300 மீட்டர் கடந்துவிடும். பொன்னேரிச் சாலையில் 300 மீட்டர் என்பது ஒரு பள்ளிக்கூடம், ஒரு பேருந்து நிறுத்தம், ஒரு மீன் சந்தை. கருவி தவறாகக் கேட்டு, நாம் திரும்பத் திரும்பச் சொல்லும்போது இன்னும் எத்தனை நொடிகள் கரையும்!

2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம், ஓட்டும்போது கைப்பேசியைக் கையில் வைத்துப் பயன்படுத்துவதை ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்து, முதற்குற்றத்துக்கே சிறையோ 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதமோ விதிக்க வழி செய்தது. சட்டம் கையைப் பிடிக்கும். மனத்தை எந்தக் காவலர் பிடிப்பார்? அது அவரவர் தக்வாவுக்கு விடப்பட்டது.

ஆகவே இக்கருவியை வாங்கிய நம் பிள்ளைகளுக்குச் சில சொற்கள். பாட்டையும் வழியையும் வண்டி புறப்படும் முன்பே அமைத்துக்கொள்ளுங்கள். கருவி ஒருமுறை தவறாகக் கேட்டால் வழக்காடாதீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சொல்லுங்கள், அல்லது அருகில் இருப்பவரைச் சொல்லச் சொல்லுங்கள். குரலேவல்களில் பல, தொலைவிலுள்ள கணினிக்குச் சென்று திரும்புவதால், அலை வலிமை குன்றிய ஏரிக்கரைகளில் அது தயங்கும். அதற்காகச் சினம் கொள்ளாதீர்கள். வாடகைக் காரில் கைப்பேசியை இணைத்தால் உங்கள் உறவினரின் பெயர்களும் எண்களும் அக்காரில் பதிவாகித் தங்கிவிடக்கூடும். அவை பிறர் உங்களை நம்பித் தந்த அமானிதம். இறங்கும்போதும், காரை விற்கும்போதும் அழித்துவிட்டு வாருங்கள். ஒலியை உள்ளிருப்போர் செவிக்கு அளவாக வையுங்கள். பின்னால் வரும் ஆம்புலன்ஸின் ஓலமும் உங்களுக்குக் கேட்க வேண்டும். ஊர்திக்கு உள்ளேயும் வெளியேயும் கண்ணாடிக் கலங்கள் இருக்கின்றன.

கரையில்

அன்று பழவேற்காட்டில் பள்ளிவாசல்களைக் கண்டு தொழுத பின் ஏரிக்கரையில் அமர்ந்திருந்தோம். வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் மாணவர் பாலக்காட்டுக் கதையைச் சொன்னார். அவர் பல்லில்லா வாயால் நெடுநேரம் சிரித்தார். "வெள்ளக்காரனுக்கே வாயில வராத பேரு தம்பி, பொட்டிக்கு எங்கேருந்து வரும்? எங்க பசங்கள்ட்ட குடுத்துப் பேசச் சொல்லு. கேக்கக் கேக்க அதுக்கும் வரும்" என்றார். நாம் இத்துணைப் பக்கங்களில் சொல்ல முயன்றதை அவர் மூன்று வாக்கியங்களில் சொல்லிவிட்டார்.

திரும்பும்போது மாணவர் பாட்டையும் வழியையும் முன்பே அமைத்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். வழி நெடுக அவர் கருவியிடம் எதையும் கேட்கவில்லை. திருப்பாலைவனத்துக்கு அருகே பொழுது சாயும் வேளையில், கூடைகளோடு பெண்கள் நால்வர் சாலையோரம் நின்றிருந்தனர். அனிபா அவர்களின் குரல் தாழ்ந்து ஒலித்துக்கொண்டிருக்க, மாணவர் வண்டியை நிறுத்தி அவர்களுக்கு வழிவிட்டார். நால்வரும் கடந்து முடியும்வரை காத்திருந்து, பிறகு மெல்லப் புறப்பட்டோம்.